செம்புத் துருத்தி

அம்பர்நாத்,
6-12-1944, புதன்.

தாராவி செம்புப் பட்டறை முதலாளி முகம்மது ஹனீப் அவர்களுக்கு,

ஜமால் சலாம் சொல்லி எழுதுவது. பதில் சலாம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

உங்கள் தங்கை நூர் நிஷா பக்கத்தில் உட்கார்ந்து "எழுதுங்க, எழுதுங்க" என்று குடைந்ததால்தான் பேனாவை எடுத்தேன். ஹஜ்ஜுப் பெருநாளன்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்த காக்கா வரவில்லை. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை என்பதை உங்களுக்குத் தெரிவித்துவிடுகிறேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. நான் இப்போது வேலை பார்க்கும் இந்தச் சாயக் கம்பெனியின் நீராவிக் குழாய்க்கு நீங்கள் செய்து அனுப்பிய செம்புத் துருத்தியை மாட்டியது நான்தான். நவம்பரில் லாரியில் கொண்டுவந்தீர்களே, அப்போது நீங்கள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பட்டறைப் பையன் ஹமீதுதான் இறக்கிக் கொடுத்தான். நானும் உங்களைப் பார்க்காத மாதிரிதான் வாங்கிக்கொண்டேன்.

மாட்டிப் பார்த்தால் உங்கள் துருத்தி முக்கால் அங்குலம் குட்டை! குழாயின் வாய்த்தகடான பிளாஞ்சும் துருத்தியின் பிளாஞ்சும் வாயோடு வாய் சேரவில்லை. நடுவில் கட்டைவிரல் போகும் சந்து. பட்டறையில் எங்களை என்ன பாடு படுத்துவீர்கள்! பிளாஞ்சுக்குப் பின்னால் விளக்கைப் பிடிப்பீர்கள், ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் "இது வேலையால?" என்று கழற்றச் சொல்வீர்கள். அந்த மனிதர் முக்கால் அங்குலம் தப்பவிட்டிருக்கிறார்.

எஞ்சினியர் துரையிடம் சொல்லியிருந்தால் உங்கள் பெயர் நாறியிருக்கும். சொல்லவில்லை. லேத்தில் முக்கால் அங்குல கனத்துக்கு ஒரு இரும்பு வளையம் கடைந்து, சந்தில் சொருகி, முறுக்கி விட்டேன். வெளிச்சம் தெரியாது. திங்கட்கிழமை காலை முதல்முறையாக நீராவி விட்டோம். ஒரு சொட்டுக் கசிவில்லை.

"எந்தங்கச்சியக் கெட்டுனதுனாலதான் ஒனக்கு இந்த அடுப்பு, இல்லாட்டி நீ யாருல?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டீர்களே. அந்த யாரோ ஒருவன்தான் உங்கள் மானத்தை மூடி வைத்திருக்கிறான். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

ஜமால்

*

தாராவி,
8-12-1944, வெள்ளி.

அன்புள்ள மச்சான் ஜமாலுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். ஜும்ஆவுக்குப் புறப்பட்ட நேரத்தில் உம் கடிதம் வந்தது. படித்துவிட்டுத் தொழுகைக்குப் போனேன், இமாம் என்ன ஓதினார் என்று தெரியாது.

மச்சான், அந்த வளையத்தை எடுத்துவிடும். மற்றதைப் பிறகு பேசலாம், என்னை எத்தனை வேண்டுமானாலும் ஏசலாம். முதலில் வளையத்தை எடும்.

அந்தச் சந்து நான் வேண்டுமென்றே விட்டது. இரும்புக் குழாய் சூட்டில் நீளும் என்று உமக்குத் தெரியும். உங்கள் பாய்லர் வீட்டிலிருந்து சாயக்கூடம் வரை எழுபத்தைந்து அடி. நீராவி ஏறினால் அந்தக் குழாய் ஒன்றரை அங்குலம் நீளும். இரண்டு முனையும் சுவரில் இறுக்கிக் கட்டியிருப்பதால் அது போக இடமில்லாமல் நம் துருத்தியைத்தான் நெருக்கும். ஆர்மோனியத் துருத்தி மாதிரி அதன் மடிப்புகள் அமுங்கிக் கொடுக்கும். ஆனால் முக்கால் அங்குலம்தான் அது அமுங்கலாம், முக்கால் அங்குலம்தான் விரியலாம். அதனால்தான் குளிர்ந்திருக்கும்போதே நீள போல்ட் போட்டு அதை முக்கால் அங்குலம் இழுத்து விரித்து மாட்ட வேண்டும். சூடானதும் பாதி நீளம் அந்த விரிப்பை எடுத்துக்கொள்ளும், மீதிப் பாதிக்குத்தான் அமுங்கும்.

நீர் வளையத்தைப் போட்டு அந்த இழுப்பை இல்லாமல் ஆக்கிவிட்டீர். இப்போது ஒவ்வொரு தடவை நீராவி ஏறும்போதும் அது ஒன்றரை அங்குலம் அமுங்குகிறது, தாங்கக்கூடியதைப்போல் இரண்டு பங்கு.

இதையெல்லாம் கம்பெனி ஆபீசுக்கு அளவுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். உம்மிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். லாரியிலிருந்து இறங்கி இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். இறங்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பாய்லரை அணைத்துத் திங்கட்கிழமை மறுபடி மூட்டுவீர்கள் அல்லவா? இந்த ஞாயிறே கழற்றிவிடும். நூர் நிஷாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

முகம்மது ஹனீப்

*

அம்பர்நாத்,
13-12-1944, புதன்.

முதலாளி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றாகக் கதை கட்டியிருக்கிறீர்கள். குட்டையாகச் செய்துவிட்டு, வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்கிறீர்கள். ஏழு வருஷம் உங்கள் பட்டறையில் அடுப்பில் நின்றிருக்கிறேன். ஒருநாளாவது "சந்து விட்டு மாட்டு" என்று சொன்னதுண்டா?

நேற்று முன்தினம் இரண்டாவது திங்கள். காலை ஆறு மணிக்கு வால்வைத் திறப்பது என் வேலை. திறந்தேன். குழாய் வழக்கம்போல் டக் டக்கென்று நெட்டி முறித்தது. துருத்தி அது பாட்டுக்கு இருந்தது.

அப்படியே நீங்கள் சொல்வது நிஜம் என்றாலும் கழற்ற முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் சேறு பூசி, துணி சுற்றி, வெள்ளையடித்துவிட்டார்கள். வளையம் இருப்பது எனக்கும், கூடப் பிடித்த சுயம்புவுக்கும்தான் தெரியும். சுயம்பு நம் ஊர்ப்பக்கத்துக்காரர், வாய் திறக்கமாட்டார். பூச்சை உடைத்தால் ஏன் என்று கேட்பார்கள். இங்கிருந்து பட்டாளத்துக்குச் சாயம் அனுப்புகிறார்கள். கேட்டில் துப்பாக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். போன மாதம் ஒரு பீகார்க்காரர் பல்சக்கரத்துக்குள் ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டார். சதி வேலை என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. இன்னும் திரும்பி வரவில்லை. பெண்டாட்டி கேட்டுக்கு வெளியே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள், பிறகு அவளும் காணோம்.

உத்தரவில்லாமல் நீராவிக் குழாயில் வளையம் சொருகினேன் என்று நான் போய்ச் சொல்ல வேண்டுமா? உங்கள் தங்கை கேட்டுக்கு வெளியே உட்காருவதைப் பார்க்க உங்களுக்கு ஆசையா?

உங்கள் துருத்தி தாங்காது என்றால் அது உங்கள் வேலையின் லட்சணம். என் வளையத்தின்மேல் போடாதீர்கள்.

ஜமால்

*

தாராவி,
18-12-1944, திங்கள்.

அன்புள்ள மச்சானுக்கு,

இன்று மூன்றாவது திங்கள். இதை எழுதும்போது மணி பதினொன்று. ஆறு மணிக்கு வால்வைத் திறந்திருப்பீர். ஏதும் ஆகியிருந்தால் இதற்குள் எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதுதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. ஏப்ரலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது பட்டறைத் தகரக்கூரை குதித்ததே, அன்றிலிருந்து எந்தச் சத்தத்துக்கும் நான் நடுங்குகிறேன். இப்போது சத்தமே இல்லாததற்கும் நடுங்குகிறேன்.

நேற்று ஞாயிறு அம்பர்நாத் வந்தேன். ஆமாம், வந்தேன். கம்பெனி கேட்டில் விடவில்லை. விசாரித்து உம் லைன் வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே நீர் ஏதோ சொல்லிச் சிரித்தீர், நூர் நிஷாவும் சிரித்தாள். நான் தட்டினால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். கோழை என்று சொல்லும், ஏற்றுக்கொள்கிறேன்.

பட்டறையில் நீர் செய்து போட்ட மூன்று மடிப்புத் துண்டு ஒன்று கிடந்தது. அதை வைஸ் இடுக்கியில் வைத்து, உம் வளையம் போட்ட கணக்குப்படி இரண்டு பங்கு அமுக்கி அமுக்கி விட்டேன். பத்துவரை ஒன்றுமில்லை. பதினான்காவது அமுக்கில் மடிப்பின் அடியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழுந்தது. பதினாறில் கிழிந்தது. செம்புக் கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் முறிவதுபோலத்தான்.

பதினான்கு என்றால் இன்னும் நாள் இருக்கிறது என்று நீர் நினைப்பீர். இல்லை மச்சான். இதை யாரிடமும் சொல்லவில்லை, உம்மிடம் சொல்கிறேன்.

அந்தத் துருத்திக்கு மூன்று தடவை சிவக்கச் சுட்டு இளக்கிப் பதம் போட வேண்டும். இரண்டு தடவை நீர் போட்டீர். மூன்றாவதற்கு முன்னால்தான் நான் அந்தப் பேச்சுப் பேசினேன், நீர் நூர் நிஷாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர். மூன்றாவதற்கு நானே அடுப்பில் நின்றேன். செம்பு சிவக்கும்போது எந்தச் சிவப்பில் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் தாண்டினால் பற்றவைத்த இடம் உருகிவிடும், யுத்தக் கண்ட்ரோலில் வேறு தகடு கிடைக்காது. பயந்து போய்ப் பாதியிலேயே வெளியே எடுத்தேன். பதம் ஏறவில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பிவிட்டேன்.

உம் வளையம் அந்தத் துருத்தியை நெருக்குகிறது. நான் அனுப்பிய துருத்தியோ விறைத்துப்போனது. இரண்டும் சேர்ந்து எத்தனை திங்கட்கிழமை தாங்கும் என்று எனக்குத் தெரியாது.

ஹனீப்

*

அம்பர்நாத்,
20-12-1944, புதன்.

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று வேலைக்குப் போகும் வழியில் நின்று படித்தேன். பதம் போடாத செம்பையா அனுப்பினீர்கள்! ஏழு வருஷத்தில் ஒரு மடிப்பையாவது பதமில்லாமல் நான் வெளியே விட்டிருப்பேனா? எவ்வளவோ எழுத வாயில் வந்தது. எழுதவில்லை. ஏசிக்கொண்டிருக்க நேரமில்லை.

நேற்று வேலை முடிந்ததும் துருத்திக்குக் கீழே போய் நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியாது. மேலே பார்த்தால் வெள்ளையடித்த உருண்டைதான், ஒன்றும் தெரியவில்லை. அந்த இடம் கதகதப்பாக இருப்பதால் மார்கழிக் குளிருக்குச் சாயக்கூடத்துப் பெண்கள் காலையில் அங்கேதான் வந்து உட்காருகிறார்கள். ரொட்டி டப்பாவைச் சூடாக்கக் குழாய்மேல் வைக்கிறார்கள். என்னைப் பார்த்து ஒருத்தி சிரித்துக்கொண்டே இடம் விட்டாள். நீங்கள் எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன்.

சுயம்புவிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம பாய்லர் ஆறுனதும் கழத்திருவோம் ஜமாலு. ஆளு வாறதுக்குள்ள பூசி வெள்ளயடிச்சிருவோம்" என்றார். வருகிற ஞாயிறு, இருபத்துநான்காம் தேதி. பிளாஞ்சுகளை இழுத்துச் சேர்க்க நீள போல்ட் வேண்டும். இங்கே ஸ்டோரில் கேட்டால் எதற்கு என்பார்கள். நான்கு போல்ட் அனுப்ப முடியுமா? ஒரேயடியாக இழுப்பதா, கொஞ்சம் கொஞ்சமாகவா? பதமில்லாத செம்பை இழுத்தால் கிழியுமா? எழுதுங்கள்.

நூர் நிஷாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேனாம்.

ஜமால்

*

தாராவி,
22-12-1944, வெள்ளி.

அன்புள்ள மச்சானுக்கு,

வடாலாவில் லேத் வைத்திருக்கும் வெயிலுமுத்துவிடம் போல்ட் கடைந்து வாங்கிவிட்டேன். அவர் எதற்கென்று கேட்கவில்லை. ஹமீது பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொண்டுவந்து தருவான். பொட்டலத்தைக் கேட்டில் பிரிக்காமல் இருக்கவேண்டும் என்று இரண்டு நாளாகத் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான்கையும் நான்கு மூலையில் போட்டு, ஒவ்வொன்றாகக் கால் சுற்று, எதிர்மூலை கால் சுற்று என்று இழும். அவசரப்படாதீர். மடிப்பில் கோடு தெரிந்தால் நிறுத்திவிடும். அதற்குப் பிறகு அதைக் காப்பாற்ற முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படிச் சொல்லும்போது பதம் போடாதது ஹனீப் என்று சொல்லும். வளையத்தைப் பற்றிக் கேட்டாலும், பட்டறைக்காரன் போடச் சொன்னான் என்று சொல்லும். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டுக்குப் போலீஸ் வரக்கூடாது. எனக்கு யார் இருக்கிறார்கள்?

நூர் நிஷாவைத் தலைப்பிரசவத்துக்கு என்று சொல்லி இங்கே அனுப்பிவிடும். அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று எழுதியிருந்தேன், அந்த வரியை அடித்துவிட்டேன். குறை வைத்தேன்தான்.

ஹனீப்

*

அம்பர்நாத்,
27-12-1944, புதன்.

மச்சான்,

போல்ட் வந்தது. ஞாயிறு வந்தது. பாய்லர் அணையவில்லை.

சனிக்கிழமை மாலையில் உத்தரவு போட்டுவிட்டார்கள். பட்டாளத்து ஆர்டர் முடியும்வரை ஞாயிறு லீவே கிடையாதாம், பாய்லர் அணையவே கூடாதாம். சுயம்புவும் நானும் போல்ட்டைச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றோம். குழாய் கொதித்துக்கொண்டிருக்கிறது. யார் தொடுவது?

நல்லதா கெட்டதா என்றே தெரியவில்லை. நான்காவது திங்கட்கிழமை சூடேறவே இல்லை, சூடாகவே இருந்துவிட்டது. பெண்களை அங்கே உட்காரவேண்டாம் என்றேன். "க்யோ, தேரே பாப் கா பைப் ஹை?" என்று சிரித்தார்கள். அப்பன் வீட்டுக் குழாயா என்று கேட்கிறார்கள்.

நூர் நிஷா வரமாட்டாள். உங்கள் கடிதங்களைத் தகரப்பெட்டியில் ஒளித்து வைத்திருந்தேன். எடுத்துச் சுயம்பு வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். "ரெண்டு பேருமாச் சேந்து எங்கிட்ட என்னத்த மறைக்கிய? வாயத் தொறந்து பேசிருந்தா இது வந்திருக்குமா? நா எங்கயும் போவமாட்டேன். நீங்க வால்வத் தொறக்கப் போவும்போது நா இங்க இருப்பேன்" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. உங்களிடமும் பேசமாட்டாளாம், எழுதச் சொன்னாள்.

ஜமால்

*

தாராவி,
30-12-1944, சனி.

அன்புள்ள மச்சானுக்கு,

அணையாமல் ஓடுவது நல்லது. சூடாக இருக்கும்வரை அது அமுங்கியபடியே கிடக்கும், அசையாது. ஆறி விரிந்து மறுபடி சூடேறும்போதுதான் மடிப்பு அலைபடும். அது எரியட்டும். கொஞ்சநாள் முன்புவரை ஞாயிற்றுக்கிழமைக்காக ஏங்கினோம், இப்போது அது வரக்கூடாது என்று கேட்கிறேன்.

உமக்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். மறைத்து மறைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம், அதனால் சொல்கிறேன். கிடைத்த துண்டுத் தகட்டில் அதேபோல் மூன்று மடிப்பு அடித்தேன். இரண்டு பதம் போட்டு, மூன்றாவது பதத்தை அன்று செய்ததுபோலவே பாதியில் எடுத்தேன். வைஸில் வைத்து அமுக்கினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஒன்றுமில்லை. நான்காவதில் கிழிந்துவிட்டது, மச்சான். கோடு கூட விழவில்லை, நேராகக் கிழிந்தது.

உங்கள் துருத்தி டிசம்பர் நாலு, பதினொன்று, பதினெட்டு என்று மூன்று தடவை அமுங்கிவிட்டது.

பாய்லரை அணைத்தார்கள் என்றால், வளையத்தை எடுக்காமல் அடுத்த தடவை வால்வில் கை வைக்காதீர். வேலை போனால் போகட்டும். போலீஸ் வந்தால் வரட்டும், நான் வந்து நிற்கிறேன். உம் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஹனீப்

*

அம்பர்நாத்,
10-1-1945, புதன் மாலை.

மச்சான்,

பாய்லருக்குள் ஒரு டியூப் ஒழுகி நேற்றுக் காலை அணைத்துவிட்டார்கள். டியூப் மாற்றியாயிற்று. நாளை வியாழன் காலை ஆறு மணிக்கு நீராவி விட வேண்டும்.

நேற்றும் இன்றும் குழாய்ப் பக்கமே போகவிடவில்லை. இரண்டு மேஸ்திரி, ஒரு காவல்காரர், எல்லாரும் அங்கேதான். சாக்குக்குள் போல்ட்டோடு சுற்றிச் சுற்றி வந்தேன். மத்தியானம் எனக்குப் பொறுக்கவில்லை. எஞ்சினியர் துரையின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். வளையத்தையும் சொன்னேன், உங்கள் அளவுச்சீட்டையும் சொன்னேன், சந்தையும் சொன்னேன். பதத்தை மட்டும் சொல்லவில்லை. அது உங்களுடையது.

துரை சீட்டைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. "ஏக் மஹீனா சலா, கல் பீ சலேகா" என்றார். ஒரு மாதம் ஓடியது நாளைக்கும் ஓடுமாம். ஆர்டர் முடிந்ததும் கழற்றலாமாம். எனக்குப் பயமாக இருந்தால் வேறு ஆளை வைத்துத் திறந்துகொள்வாராம்.

வேறு ஆள் என்றால் சுயம்புதான். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

அதனால் நான்தான் திறக்கப்போகிறேன். பயப்படாதீர்கள், வழி செய்திருக்கிறேன். வால்வுச் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, செங்கல் தூணுக்குப் பின்னால் நின்று இழுத்துத் திறப்பேன். சாயக்கூடத்துப் பெண்களை ஐந்தரைக்கே வெளியே நிறுத்தச் சுயம்பு ஏற்றுக்கொண்டார். ரேஷன் சீட்டு சரிபார்க்கிறார்கள் என்று சொல்லுவாராம். அதற்கு யாரும் வராமல் இருக்கமாட்டார்கள்.

பயப்படாதீர்கள் என்று எழுதிவிட்டேன். எனக்கும் சேர்த்துத்தான் எழுதினேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது ஆறு மணி தாண்டியிருக்கும். நூர் நிஷா விஷயத்தில் உங்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

எந்தச் சிவப்பு என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்களே. அடுப்பை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். நூர் நிஷா மருதாணி வைத்துக் கழுவின மறுநாள் காலையில் உள்ளங்கை இருக்குமே, அந்த நிறம். அதற்கு மேல் ஒரு நொடி விடக்கூடாது. யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஜமால்

*

கல்யாண் ஆஸ்பத்திரி,
14-1-1945, ஞாயிறு.

மச்சான் ஹனீப் அவர்களுக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறவேண்டாம். ஜமால் சொல்லச் சொல்லச் சுயம்பு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

கிழிந்துவிட்டது. சக்கரம் ஒன்றரைச் சுற்று வந்திருக்கும். குழாய் டக் டக்கென்று நீண்டது, நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு சத்தம். அதற்குப் பிறகு வெள்ளை. எதிரே இருந்த சுவரே தெரியவில்லை. பெண்கள் உட்காரும் மேடையில் இருந்த ரொட்டி டப்பா ஒன்று கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு போய்விட்டதாம்.

தூணுக்குப் பின்னால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாய்லர் வீட்டுக்குள் நாலு பேர் இருந்தார்கள், ஆவி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கயிறு அறுந்து போயிருந்தது. கையால்தான் மூடவேண்டும், போனேன். மூடிவிட்டேன். நாலு பேரும் நடந்து வெளியே வந்தார்கள். பெண்கள் எல்லாரும் கேட் பக்கம் ரேஷன் சீட்டோடு நின்றார்கள்.

வலதுகை முழங்கைவரை வெந்திருக்கிறது. முகமும். கண் இரண்டையும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை பதினெட்டாம் தேதி கட்டை அவிழ்த்துப் பார்த்தால்தான் சொல்லமுடியும் என்கிறார் டாக்டர். கை எப்படியும் ஆறிவிடுமாம். கையை நான் கேட்கவே இல்லை. நிறம் தெரியுமா என்றுதான் கேட்டேன். அவருக்கு அது புரியவில்லை.

நூர் நிஷா பகலெல்லாம் இங்கேதான் இருக்கிறாள். இப்போது பேசுகிறாள். பேச்சை நிறுத்தினால் நான் பயந்துவிடுவேன் என்று நிறுத்தாமல் பேசுகிறாள்.

துரை வந்தார். சதி என்று யாரும் சொல்லவில்லை, முந்தின நாளே நான் போய்ச் சொன்னதை அவருடைய குமாஸ்தா கேட்டிருக்கிறார். விசாரணை உண்டு. வேலை உண்டா என்று தெரியாது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் நூர் நிஷா சாப்பிடப் போயிருந்தபோது என் கட்டில் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ரொம்ப நேரம் இருந்தார்கள். பேசவில்லை. கரியும் நவச்சாரமும் கலந்த வாடை. ஏழு வருஷம் அந்த வாடையில் நின்றிருக்கிறேன். யார் என்று தெரிந்துதான் நானும் தூங்குவதுபோல் இருந்தேன். எழுந்து போனபிறகு ஏன் கூப்பிடவில்லை என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

இவ்வளவுதான் சொன்னார். கடைசி வரிகளை நான் இரண்டு தடவை கேட்டு எழுதினேன்.

ஜமாலுக்காக, சுயம்பு

*

தாராவி,
16-1-1945, செவ்வாய்.

அன்புள்ள மச்சான் ஜமாலுக்கு,

சுயம்பு அண்ணன் இதை உமக்குப் படித்துக் காட்டட்டும். அவருக்கு என் சலாம். நூர் நிஷா பக்கத்தில் இருந்தால் அவளும் கேட்கட்டும்.

உம் கடிதம் வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தது. கடைசி வரிவரை படிக்கவில்லை. தந்தி ஆபீசுக்கு ஓடி "திறக்காதே" என்று தந்தி கொடுத்தேன். பத்து மணிக்கு! கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் ஆறு மணி எப்போதோ போய்விட்டது என்று புத்தியில் உறைத்தது. பட்டறையில் ஹமீது கேட்டான், "என்ன காக்கா, செருப்ப எங்க விட்டிய?" என்று. வெறுங்காலோடு போயிருக்கிறேன்.

அம்பர்நாத் போய் விசாரித்து வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தது நான்தான். உம் முகத்தில் துணிதான் இருந்தது. மூக்கும் வாயும் மட்டும் தெரிந்தன. மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தால் முதலில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அன்று பேசிய பேச்சுக்கு மன்னிப்பு முதலிலா, பதம் போடாததற்கா, லாரியிலிருந்து இறங்காததற்கா? வரிசை தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனேன். உம் கதவுக்கு முன்னாலும் அப்படித்தான் போனேன். நான் பேசவேண்டிய இடத்திலெல்லாம் பேசாமல் வந்ததற்குத்தான் நீர் வெந்து கிடக்கிறீர்.

நேற்று அம்பர்நாத் கம்பெனிக்குப் போய்த் துரையிடம் என் பங்கைச் சொன்னேன். பதம் ஏறாத செம்பு என்று தெரிந்துதான் அனுப்பினேன் என்றேன். எழுதிக்கொண்டார், என்னிடம் கையெழுத்து வாங்கினார். என்ன செய்வார்களோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பயத்தில் தூக்கம் வருகிறது, மற்றதில் வரவில்லை.

புதுத் துருத்தி ஒன்று வேண்டுமாம், தகட்டுக்குப் பெர்மிட் அவர்களே தருகிறார்களாம். யார் பதம் போடுவார்கள் என்று கேட்டார். என் மச்சான் என்றேன். அவர் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வியாழக்கிழமைதான் தெரியும் என்றேன்.

மருதாணி நிறம் என்று எழுதியிருந்தீர். அந்த வரியைப் பிறகு படித்ததிலிருந்து அதையே நினைத்துப் பார்க்கிறேன். என் தங்கையின் உள்ளங்கையை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்றே ஞாபகம் வரவில்லை. நீர் ஏழு வருஷமாக அதை வைத்துத்தான் என் பட்டறையை ஓட்டியிருக்கிறீர். "நீ யாருல" என்று உம்மைக் கேட்டேன்.

வியாழக்கிழமை வருகிறேன். கட்டை அவிழ்க்கும்போது கூட இருப்பேன். அன்று காலையில் நூர் நிஷா மருதாணி கழுவிய கையோடு இருக்கட்டும். புதன்கிழமையே வைத்துக்கொள்ளச் சொல்லும். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார், கேட்கட்டும். நமக்கு அவள் கைதான் கணக்கு. தெரிந்தால் நீர் சொல்லும், அடுப்பை மூட்டுவோம். தெரியாவிட்டால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அந்த நிறத்தைப் படித்துக்கொள்கிறேன். எத்தனை நாளானாலும் படிப்பேன். நீர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னை ஏசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பயம்தான், மச்சான். உமக்கும் இருக்கும். பரவாயில்லை. வியாழக்கிழமை நான் வாசலில் வரும்போதே பேர் சொல்லிக் கூப்பிடுவேன். தூங்குவதுபோல் இருக்காதீர்.

உம் மச்சான்,
ஹனீப்